மூடியில் ஒட்டிய பிளாஸ்திரி

— அந்த நாற்காலி வேணாம் ஐயா, ஒரு கால் ஆடும். இப்படி மைக்ராஸ்கோப் பக்கம் வாங்க.

— சனிக்கிழமை தவறாம வர்றவனுக்கு அது தெரியாதா டாக்டரம்மா? எங்க வீட்டுக்காரி எப்படி இருக்கா?

— எத்தனை தடவை சொல்றது, நான் டாக்டர் இல்ல. லேப்ல செல் வளக்கறவ.

— கண் தானம் குடுத்துட்டுப் போனவளோட லென்ஸ் செல்ல உயிரோட வச்சிருக்கீங்களே, எனக்கு டாக்டர்தான். மருந்து ஊத்தறேன்னீங்களே, ஊத்தியாச்சா?

— ம். முதல்ல மருந்துல ஒரு நாள் ஊறணும். அப்புறம்தான் பெராக்சைடு. வெயிலும் வயசும் முப்பது வருஷத்துல லென்ஸப் பண்ற பாட்ட அது ஒரே நாள்ல பண்ணிடும். மருந்து காப்பாத்துதானு அப்பத்தான் தெரியும்.

— தாங்குவா. பிடிவாதக்காரி. அவ இருக்கற தட்டக் குடுங்க, ஒரு தரம் தொட்டுக்கறேன். மூடில பிளாஸ்திரி ஒட்டி அதுல ‘அம்மா’னு எழுதியிருந்தீங்களே, காணமே?

— அது... பிஞ்சு விழுந்துடுச்சு. குடுங்க, வைக்கறேன். ம், பாருங்க.

— அடடா. தேன்கூடு மாதிரி நெருக்கி நெருக்கி உக்காந்திருக்கா. போன வாரத்துக்கு இப்போ பூசினாப்ல இருக்கா.

— ஐயா.

— என்னம்மா?

— நான் இன்னும் மைக்ராஸ்கோப் விளக்கே போடல.

— கண்டுபிடிச்சிட்டீங்களா.

— கண்ணு எத்தனை நாளா இப்படி?

— ஏழெட்டு மாசமா. ரெண்டுலயும் புரை. நீங்க முதல் நாள் சொன்னதத்தான் வாராவாரம் திருப்பி ஒப்பிக்கறேன்.

— கீழ் மாடிலயே கண்ணாஸ்பத்திரி. அரை மணி நேர வேலை ஐயா.

— பழைய லென்ஸ எடுத்துப் போட்டுடுவாங்களாமே. நான் ஓட்டின பஸ்ல முதல் சீட்டுல வந்து உக்காருவா. டிரைவர் கண்ணாடில பாத்துப் பாத்தே கட்டிக்கிட்டேன். அவ மூஞ்சி இந்த லென்ஸ் வழியாத்தானே எனக்குள்ள வந்துச்சு? அதப் போய்க் குப்பைல போடுனு எப்படிச் சொல்வேன்? தினமும் அவளுக்காக ஏங்கிக்கிட்டு இருக்கேம்மா.

— புரியுது ஐயா.

— ஆனா பொய் சொல்லிச் சொல்லி எனக்கே கசந்துபோச்சு. நேத்து கீழ போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். திங்கக்கிழமை ஆபரேஷன். பழச விட்டாத்தான் இங்க இருக்கறவளப் பாக்க முடியும்னா, போகட்டும். புதுக் கண்ணோட வர்றேன், அன்னிக்கு மறக்காம விளக்கப் போடுங்க.

— நான் மறக்கல ஐயா. வித்தியாசம் கண்டுபிடிச்சிடுவீங்கனு பயந்துதான் போடல. இந்த வாரம், அம்மாவோட தட்டுல மட்டும் மருந்து ஊத்தாம தவறுதலா நேரா பெராக்சைட ஊத்திட்டேன், எல்லாம் செத்துப்போச்சு. இருந்தது அந்த ஒரு தட்டுதான். இது வேற யாரோட கண்ணோ.