இருந்தது இருந்தபடி

பாழடைந்த கட்டடத்தைப் படம் எடுக்க மேகமூட்டமான நாள்தான் நல்லது, ஐயா. வெயிலடித்தால் நிழல் குறுக்கே விழுந்து காரியத்தைக் கெடுக்கும். ஞாயிறு வந்தால் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிடுவேன். மூடிப்போன ஆலை, பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம், கூரை பெயர்ந்த தியேட்டர் என்று தேடிப் போவேன். என் சம்பளத்துக்குக் கட்டுப்படியான கெட்ட பழக்கம் அது ஒன்றுதான்.

இந்த வேலைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இருந்தது இருந்தபடி விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட நகர்த்தக் கூடாது. இடத்தை வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் மறுவாரமே இரும்பு திருடுகிறவன் வந்து நிற்பான். இதையெல்லாம் என் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வேலைவெட்டி இல்லாமல் எங்கள் வீட்டில் கிடந்தவனுக்கு என் பழைய கேமராவையும் கொடுத்தேன். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாய்ந்தது.

அவன் பையில் ஒரு குழந்தையின் சிவப்பு ஷூ இருக்கும். ஒற்றைக் கால் ஷூ. கடையில் வாங்கியது. இடிந்த படிக்கட்டில் அதை வைப்பான், படம் எடுப்பான், திரும்பப் பையில் போட்டுக்கொள்வான். புகைப்படக் கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் படங்களைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டியிருந்தார்கள். கடைச் சரக்குக்குக் கண்ணீரா என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்று சாப்பிடும்போது மனைவி சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. அவன் படத்தப் பார்த்தா மனசு என்னமோ பண்ணுது. உங்களது வீடு விக்கிறவங்க எடுத்த மாதிரி இருக்கு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு அவனை ஒரு பழைய குளிர்பதனக் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். அது மூடி வருடக்கணக்காகிவிட்டது. கடைசி அறை மட்டும் வெளியே தாழ்ப்பாள் போட்டபடி கிடந்தது. ஒரு சாண் கனமுள்ள கதவு; உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்திருந்தது. நான் திறந்துவிட்டேன். அவன் டார்ச்சோடு உள்ளே போய்ச் சுவரோரமாக ஷூவை வைத்தான். அது பொய்யடா என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அவன் கேமராவிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"காலி இடத்துக்காக யாரும் அழமாட்டாங்க, மாமா. அங்கிருந்து யாரோ போயிட்டாங்கன்னு தெரியணும்."

நாங்கள் வந்தபோது அந்தக் கதவு மூடித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அப்படியே விட்டேன்.

தட்டினான். முதலில் விளையாட்டு என்று நினைத்தான் போல, தாளம் போட்டுத் தட்டினான். பிறகு தாளம் இல்லை. நான் வெளிச்சுவரைப் படம் எடுத்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். அவன் போன் என் காரில் சார்ஜில் இருந்தது. அடுத்தவன் பொருள் நமக்கெதற்கு என்று வழியில் பஸ் நிலைய பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். மனைவி கேட்டபோது அவன் அங்கேயே இறங்கிக்கொண்டதாகச் சொன்னேன். நீங்களும் அங்கேதான் தேடினீர்கள். இடத்தைச் சொல்வது எங்கள் வழக்கமில்லை. அவள் ராச்சாப்பாட்டுக்கு அவனுக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு மேகமூட்டமான நாளில் திரும்பிப் போனேன். தாழ்ப்பாளை நீக்கி ஒரே ஒரு படம் எடுத்தேன். வெறும் அறை, கதவின் உள்பக்கம் நகக் கீறல்கள், சுவரோரம் சிவப்பு ஷூ. அடுத்த கண்காட்சியில் அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்தார்கள். வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார்கள்.

என் மனைவி அதன் முன்னால் நின்று அழுதாள். என் படத்துக்கு அவள் அழுதது அதுதான் முதல்முறை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. ஷூவின் வாரில் பித்தான் அறுந்தபோது, தன் ரவிக்கையின் பச்சைப் பித்தானை எடுத்துத் தம்பிக்குத் தைத்துக்கொடுத்தவள் அவள்தானாம். எனக்குத் தெரியாது; படத்தில் அந்தப் பித்தான் பளிச்சென்று விழுந்திருந்தது. அவள் அங்கிருந்தே உங்களுக்குப் போன் செய்துவிட்டாள்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் படத்தில் கலப்படம் இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. ஷூ அவன் வைத்த இடத்தில்தான் இருந்தது. அவனும் பக்கத்திலேயே இருந்தான். கால் படத்துக்குள் வந்தது. அதற்காகக்கூட நான் அவனைத் தொடவில்லை, ஐயா. நான்தான் கொஞ்சம் நகர்ந்து நின்று எடுத்தேன்.