அத்தானின் பூட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும். எட்டாவதோடு நின்றவளுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததே அதனால்தான். மோட்டார்களுக்கு மின்சாரம் போகும் பேனல் அறையில் உட்கார்ந்து, 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்று சிவப்பு அட்டைகளில் எழுதிக் கொடுப்பேன். மோட்டாரைத் தொடப் போகிறவர் அதன் சுவிட்சை இறக்கி, தன் பூட்டைத் தானே மாட்டி, அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பூட்டை யாரும் தொடக்கூடாது.

அத்தான் அங்கே எலெக்ட்ரீஷியன். அக்காவின் கணவர். நல்லவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. என்னை ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

கடையில் உப்பு கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அக்காதான் கேட்பாள். அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். போன மாதம் அத்தானுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. டிக்கெட் இரண்டு.

"உன்னையும் ஒரு நாள் கூப்பிட்டுக்கிறோம்டி, அழாதே," என்றாள் அக்கா.

எந்த நாள் என்று கேட்டேன். அடுத்த புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பம்பு மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டது. பம்பு கீழே, பேனல் அறை மாடியில். அத்தானுக்கு முட்டி வலி. படியேற அலுத்துப் பூட்டைச் சாவியோடு என்னிடம் கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

"மச்சினி, என் உசுரு உன் கையில. பூட்டிட்டு வந்தா, போற ஊர்லருந்து நல்ல பேனா ஒண்ணு அனுப்புறேன்."

"ரெண்டு அனுப்புங்க அத்தான்."

"அடேயப்பா, உனக்குப் பேசக்கூட வருமா!"

மேலே போனேன். சுவிட்சை இறக்கவில்லை. நிறுத்தும் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்தேன். கீழே அவர் ஓட்டிப் பார்த்தார், மோட்டார் அசையவில்லை. போனில், "செத்துப்போச்சும்மா, கைய வைக்கிறேன்," என்றார். சரி அத்தான் என்றேன். பிறகு பொத்தானை விடுவித்தேன்.

அந்தப் பம்பு தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடும். ஆகவே ஓட்டியது தண்ணீர்தான், நான் இல்லை. பதினொரு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் பொத்தான் என் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அவருடைய அட்டையை எழுதினேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. கீழே கத்தல் கேட்ட பிறகு சுவிட்சை இறக்கி, பூட்டி, அட்டையை மாட்டினேன்.

சாவியை மறந்துவிட்டேன். அவர் பையில் இருக்க வேண்டியது என் பையில் இருந்தது. அதைத்தான் நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

அத்தானை எரித்துவிட்டு வந்ததிலிருந்து அக்கா எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கியது நான்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் ஐயா? சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?