ஆறாம் நாள் விருந்து

பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: சாக்ஸைக் குறைத்துவிடுவார்கள். வடகோடியில் இருக்கும் அந்த எரிமலைத் தீவில் ஏழு நாளைக்குப் பதினான்கு ஜோடி வேண்டும். இந்த முறை என் பயணி ஒரு பல் மருத்துவர்; அவரிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். சிரித்தார். அப்போதே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வசதியானவர்களுக்குச் சாகசப் பயணம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சாகசம் என்றால் உடம்பு நோகாத சாகசம். பனிக்குகைக்குள் நடக்கலாம், வெளியே வந்தால் சூடான துண்டோடு ஒருவர் நிற்பார். கறுப்பு மணலில் குதிரை ஓட்டலாம். குதிரைக்கும் அவசரம் இருக்காது. இந்தப் பயணத்துக்காக எட்டு மாதம் உழைத்தேன். ஆறாம் நாள்தான் அதன் மகுடம். ஹெலிகாப்டரில் எரிமலையின் விளிம்புக்குப் போய், ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஐந்து சுற்று விருந்து. ஊரார் வாயையெல்லாம் பார்த்தவர், எரிமலையின் வாயையும் பார்க்கட்டுமே. அனுமதிக்காக ஓர் அதிகாரிக்கு நாற்பத்தொரு கடிதம் எழுதினேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், அதிகாரி தேய்ந்தார்.

என் பயணங்களில் போன் கிடையாது. புறப்படும்போது விமான நிலையத்தில், திறக்கும் எண்ணோடு, நானே வாங்கி வைத்துக்கொள்வேன். வீட்டுக்குத் தினம் ஒரு செய்தி, பயணியின் நடையிலேயே, அதிலிருந்து நான் அனுப்புவேன். அங்கே போனில் பேச முடியாது என்று சொல்லிவைப்பதால், அவசரம் என்றால் வீட்டார் அழைப்பது என் எண்ணை மட்டும். போனை நீட்டும்போது மருத்துவர் சொன்னதை, புகாரை விசாரிக்க வந்த நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"உலகமே இடிஞ்சு விழுந்தாலும் ஏழு நாளைக்கு என்னைக் கூப்பிடாதீங்க, மேடம்."

மூன்றாம் நாள் அவருடைய தங்கை அழைத்தாள்.

"அம்மாவை ஐசியூல வெச்சிருக்காங்க. அண்ணனை எப்படியாவது அனுப்பி வைங்க. அவனைத்தான் கேட்டுட்டே இருக்காங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்றால் இதுதான். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அன்று மாலையே ஒரு விமானம் இருந்தது, அதில் இடமும் இருந்தது. பார்க்காமல் இல்லை. ஆனால் வழிகாட்டி அப்போதுதான் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் மருத்துவர் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். என் பயணம் எதுவும் இதுவரை பாதியில் நின்றதில்லை.

எரிமலை புகைகிறது, சாம்பலால் விமானங்கள் பறக்கவில்லை என்று தங்கையிடம் சொன்னேன். பழி போட எரிமலையைப் போல நல்ல ஆள் கிடைக்காது, மறுத்துப் பேசாது. அந்த வாரம் முழுக்க அது ஒரு கொட்டாவிகூட விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவள் அதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டா இருப்பாள்.

நான்காம் நாள் அம்மாவே மகனின் போனுக்குக் குரல் செய்தி அனுப்பினார். போன் என் மேசையில் இருந்ததால் நான் கேட்டேன்.

"சாப்பிட்டியாப்பா? குளிர்ல தலையை மூடிக்கோ. உன் குரலை ஒரு தரம் கேட்டா போதும்."

குரலுக்கு நான் எங்கே போவேன். 'வந்துட்டே இருக்கேம்மா, நீ தூங்கு' என்று எழுதி அனுப்பினேன். அம்மாவை அவர் நீ என்றுதான் எழுதுவார், அதையும் கவனித்துக்கொண்டேன். தங்கை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதன் பிறகுதான் அந்த அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாராம். மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

ஆறாம் நாள் வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அங்கே இரண்டாம் சுற்று பரிமாறும் நேரத்தில் இங்கே அடக்கம் முடிந்தது. தங்கை என்னை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் அழுதானா?"

"ரொம்ப" என்றேன். பாவம், அவளுக்கும் ஓர் ஆறுதல் வேண்டாமா.

ஆமாம், மறைத்தேன். பொய் சொன்னேன். மகனாக இருந்து பதில் எழுதினேன். எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு என்ன குறை வைத்தேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தவரிடம் போனைக் கொடுப்பதற்கு முன்பே கருத்துப் படிவத்தை வாங்கிவிடுவது என் வழக்கம். நின்றுகொண்டே நிரப்பினார். ஐந்துக்கு ஐந்து. கீழே, 'இப்படி ஒரு வாரம் என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். போனைத் திறந்த பிறகு அவர் என்னைச் சொன்னதெல்லாம் துக்கத்தில் வந்த வார்த்தைகள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவத்தைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது அவரே எழுதியது. அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை.