காசு கட்டாத கடுதாசி

…காசு கட்டுனாத்தான் கடுதாசி போய்ச் சேருமாம்! இது எந்த ஊரு நியாயம், சொல்லுங்க? வாயத் திறங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங்… அப்படியே இருங்க. பேசாதீங்க, நாக்கு மரத்துப்போயிருக்கு, தெரியாம கடிச்சுக்குவீங்க. நான் பேசறேன்.

ஈமெயிலத்தான் சொல்றேன். இந்தத் தெருவுக்கு நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமா இதே நாற்காலி, இதே விளக்கு. ஊருப் பல்லு பூரா எனக்கு அத்துப்படி. ஒருநாள் ஒரு பொண்ணு வந்தா, எட்டு வயசு. முன்பல்லுல பழுப்பா, திட்டுத் திட்டா. மறுநாள் அவ வகுப்புலேருந்து ரெண்டு பேரு. அந்த மாசம் மட்டும் பதினேழு! எல்லாம் நகராட்சி போட்ட ஆழ்குழாய்த் தண்ணி குடிக்கற பிள்ளைங்க. பாட்டில்ல புடிச்சு பரிசோதனைக்கு அனுப்புனேன். ஃபுளோரைடு இருக்க வேண்டியதுக்கு மூணு மடங்கு! பல்லப் பழுப்பாக்கறதே அதுதான்.

நகராட்சிக்குப் போனேன். "பிள்ளைங்க ஒழுங்கா பல்லு தேய்க்கறதில்ல மேடம்"ங்கறாரு ஒரு அதிகாரி. யார்கிட்ட? பல் டாக்டர்கிட்ட! சிரிக்கும்போது பாத்தேன், அவருக்கே மேல ரெண்டு சொத்தை.

சரி, இனி ஊருகிட்டயே சொல்லிடுவோம்னு வாரா வாரம் ஒரு ஈமெயில். என்கிட்ட வைத்தியம் பாத்தவங்க, அவங்க சொல்லிச் சேந்தவங்க, ரெண்டாயிரத்து முந்நூறு பேரு. சும்மா படிக்கறதில்ல தம்பி, பதில் போடுவாங்க, சண்டை போடுவாங்க. ஒருத்தரு வாரா வாரம் ஒற்றுப்பிழை மட்டும் எண்ணி அனுப்புவாரு. அதுவும் ஒரு பாசந்தான்.

துப்புங்க. போதும், படுங்க.

போன மாசம் மெயில் கம்பெனிக்காரன் புதுசா ஒரு விதி கொண்டாந்தான். மொத்தமா அனுப்பறவங்க ஒவ்வொரு கடுதாசிக்கும் கட்டணம் கட்டணும். கட்டுனா நேரா உள்ள. கட்டலேன்னா? "சேரும்னு உறுதி சொல்ல முடியாது." பாத்தீங்களா பேச்ச! தடை பண்ணலையாம். நான் என்ன வேணும்னாலும் எழுதலாமாம். நீ கத்து தாயே, ஊருக்குத்தான் காதுல பஞ்சு வெச்சுட்டோம்கற கதை!

என் வீட்டுக்காரரு இருக்காரே, பெரிய நியாயஸ்தரு. "அந்தக் காலத்துல தபால்தலை ஒட்டலையா? பேச்சுரிமை செத்தா போச்சு?"ங்கறாரு. மூணாம் நாள் குளிக்கும்போதுதான் தம்பி பதில் வந்துச்சு. ஈரத்தலையோட ஓடுனேன். "அது வண்டிக் கூலிங்க! இங்க என் கடுதாசி வாசல் வரைக்கும் வந்தாச்சு. வாசல்ல நிக்கறவன், உள்ள விட என்ன குடுப்பேங்கறான். கூலி வேற, லஞ்சம் வேற!"ன்னேன். மனுஷன் பேப்பர்லேருந்து தலையே எடுக்கல. "அப்ப குப்பை மெயிலுக்கு என்ன வழி?"ங்கறாரு. இவரோட எப்படிக் குடும்பம் நடத்துறது!

என்ன கையத் தூக்குறீங்க? நான் சொல்றது சரிங்கறீங்களா, வலிக்குதுங்கறீங்களா? …வலியா. சரி சரி, இன்னொரு ஊசி.

வழுக்கைத் தலையில முடி மொளைக்கும்னு எண்ணெய் விக்கறானே, அவன் கட்டறான், உள்ள போறான். நாலு தலை மாட்டுனா போதும், போட்டத எடுத்துடுவான். தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றவளுக்கு என்ன வரும்? வசவுதான் வரும். விக்கறவனுக்குக் கட்டுபடியாகும், சொல்றவளுக்கு ஆகாது. அவ்வளவுதான் தம்பி விஷயம்.

போன வியாழக்கிழமை தண்ணியப் பத்திப் பேச நகராட்சியே கூட்டம் போட்டுச்சு. காசு கட்டாமத்தான் அத்தனை பேருக்கும் அனுப்புனேன். வந்தது நாலு பேரு! ஒருத்தரு என் வீட்டுக்காரரு. இன்னொருத்தரு அந்த ஒற்றுப்பிழைக்காரரு, குப்பைப் பெட்டியையும் விடாம படிப்பாராம். "மக்களுக்கு அக்கறையில்லை"ன்னு எழுதி ஃபைல மூடிட்டாங்க. மறுநாள் அந்த எட்டு வயசுப் பொண்ணோட அம்மா வந்து, இதே இடத்துல நின்னு, "எனக்கு ஏன் டாக்டர் சொல்லல?"ன்னு அழுதாங்க. அனுப்புனேன் தம்பி, அவங்க குப்பைப் பெட்டியில கிடக்கு.

விடுவேனா? நேத்து கம்பெனிக்காரன் புது விதி அறிக்கையத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன், வழக்குப் போட எங்கயாவது ஓட்டை கிடைக்குமான்னு. கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கான். 'வாடிக்கையாளர் ஒருவரின் கோரிக்கை: சும்மா கிடைக்கறதாலதானே கண்ட கழுதையும் கடுதாசி போடுது? ஒவ்வொண்ணுக்கும் காசு கறந்து பாருங்க, வாலச் சுருட்டிக்கிட்டு ஓடும்! — ஒரு பல் மருத்துவர்.'

ம்… மூணு வருஷம் முன்னாடி. ஒரே நாள்ல அறுபது விளம்பரம் வந்து விழுந்த கடுப்புல… நான்தான் தம்பி எழுதுனேன்.

வீட்டுக்காரருகிட்ட மூச்சு விடல. தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. அதான், நோட்டீசு அடிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை நானே வீடு வீடா ஏறி எறங்கி, கூட்டத்த மறுபடி கூட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கப் போறேன். கழுதைன்னு சொன்ன வாய்க்கு இந்தப் பொதி வேணும்தானே…

ஐயோ, சிரிக்காதீங்க தம்பி! கையில டிரில் ஓடுது! ஆடாதீங்க!

…சரி, நிறுத்திட்டேன். நல்லா சிரிச்சு முடிங்க. அதுவரைக்கும் நான் வாயத் திறக்கல.