பதினெட்டு என்று சொல்லிக்கொடுத்தவள்

13.11.2025 காலை 9.20 மணிக்குக் காவல் உதவி ஆய்வாளர் முன்பு கொடுத்த கூடுதல் வாக்குமூலம்

என் பெயர் கலைமகள், வயது 44, கணவர் பெயர் சண்முகவேல். திருப்பூர் மண்ணரையில் குடியிருந்து வருகிறேன். பி.காம். படித்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்புறம் உள்ள ஷெட்டில், தைத்து வரும் குழந்தைகள் பனியன்களைச் செக்கிங் செய்து, அயர்ன் போட்டு, பேக்கிங் செய்து கொடுக்கும் யூனிட்டை ஒன்பது வருடங்களாக நடத்தி வருகிறேன். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். நேற்று நான் கொடுத்த புகாரில் சில விஷயங்களை விட்டுவிட்டேன். அவற்றைச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன்.

எங்கள் யூனிட்டில் செக்கிங் செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. பார்த்து முடித்த பனியனில் அந்த நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ஓட்டையையோ கறையையோ கவனிக்காமல் விட்ட பனியன் பின்னால் கிடைத்தால், விட்டவருடைய பெயரை எழுதிக் குத்தி, டேபிளுக்கு மேலே கட்டியுள்ள கயிற்றில் மாலைவரை தொங்கவிடுவது என் வழக்கம். அதை ஆரம்பித்தது நான்தான்.

நேற்று 12.11.2025 காலை பதினொரு மணியளவில், அனிதா என்பவர் பார்த்து முடித்த ஒரு கட்டுப் பனியன்களில் ஆறில் ஓட்டை இருந்ததால், ஆறையும் அவர் பெயருடன் தொங்கவிட்டேன். அவருக்கு இடது கண்ணில் பார்வை மங்கி வருவது எனக்குத் தெரியும். யாரோ, "அனிதாக்கா காதர்பேட்டையில செகண்ட்ஸ் பனியன் கடை போட்டுட்டாங்க டோய்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அனிதாவும் சிரித்தார். அவருடைய மகள் மோனிஷா அதே டேபிளின் கடைசியில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்த் திரும்பியபோது, பெட்டியில் போடத் தயாராக இருந்த பனியன்களில் நூற்று நாற்பது, நெஞ்சுப் பகுதியில் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. யார் என்று கேட்டதும் மோனிஷா எழுந்து, "நாந்தானுங்க" என்றாள். வெட்டப்பட்ட அத்தனையிலும் ஒன்றாம் நம்பர் ஸ்டிக்கர் இருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். சரக்கு அவசரம் என்பதால் இரண்டு நாளாக நானும் செக்கிங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று என் நம்பர். "இதையும் கயித்துல தொங்கப் போடுங்க. உங்க பேர எழுதிப் போடுங்க" என்றாள். இதையும் கயிற்றைப் பற்றியும் நான் புகாரில் எழுதவில்லை.

சரக்கு அன்று மாலை போக வேண்டியது. ஆர்டர் கொடுத்த கம்பெனியில் அவகாசம் கேட்டபோது, போலீஸ் புகார் ரசீது இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார்கள். அதனால் மோனிஷாவை அழைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன். தாங்கள் வயதைக் கேட்டபோது அவள், "பதினெட்டு முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். நான் புகாரில் கையெழுத்துப் போட்டேன்.

அது நான் சொல்லிக்கொடுத்த பதில். கடந்த ஆகஸ்டில் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் வந்தபோது, அவளை அயர்ன் டேபிள் அருகே உட்காரவைத்து, "வயசு கேட்டா டக்குனு சொல்லோணும் கண்ணு, யோசிச்சா கண்டுபிடிச்சிருவாங்க" என்று பலமுறை சொல்லவைத்தேன். அவளுடைய பெரியம்மா மகளின் ஆதார் நகலை வைத்துத்தான் ரிஜிஸ்டரில் பெயர் ஏற்றியிருந்தேன். ஆகஸ்டில் நான் சொல்லிக்கொடுத்தது பதினெட்டு வருடம் நான்கு மாதம். மீதி மூன்று மாதத்தை நேற்று அவளே கூட்டிச் சொன்னாள்.

இன்று காலை ஏழு மணிக்கு அனிதா வீட்டுக்கு வந்து, மகளைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப் போகிறார்களாம் என்றார். "அக்கா, நீங்க சொல்லிக்குடுத்ததத்தானுங்க சொல்லிப்போட்டா. நெசத்தச் சொன்னா கம்பெனிய மூடிப்போடுவாங்க, உனக்கு வேல போயிரும்மான்னு எங்கிட்ட அழுவறா" என்றார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பையிலிருந்து மகளின் பள்ளிச் சான்றிதழை எடுத்தார். பிறந்த தேதி 02.03.2009. அந்தச் சான்றிதழை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஜனவரியில் வேலைக்குச் சேர்க்க வந்தபோது அனிதா அதைத்தான் கொடுத்தார். படித்துப் பார்த்துவிட்டு, இது வேண்டாம், வேறு ஏதாவது கொண்டு வாங்க என்று திருப்பிக் கொடுத்தவள் நான்.

மோனிஷா செய்தது தவறில்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தன் சொந்த வயதில் நின்று சொல்ல வேண்டும். வழக்கை, பதினெட்டு வயது ஆகாதவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே எங்களை நேருக்கு நேர் உட்காரவைத்தால் வருகிறேன். அவள் என்னிடம் பேசுவதற்கு முன்னால், நான் அனிதாவிடம் பேச வேண்டியது இருக்கிறது. சான்றிதழையும் ரிஜிஸ்டரையும் ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு தாங்கள், "உங்க மேலயும் கேஸ் வருங்க, தெரியுமில்ல? வயசு இப்பத்தான் தெரிய வந்துச்சுன்னு எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்டீர்கள். சேர்த்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும் என்று எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இந்த முறை எதையும் விடவில்லை.

(ஒப்பம்) ச. கலைமகள்