ஒரு மரத்துக்கு ஓர் ஆள்

சீனி போடாத கோப்பியே போதும் ஐயா. ஜப்பான்காரன் காலத்துல நாக்கு அதுக்குப் பழகிடுச்சு. இப்ப வெள்ளைக்காரன் திரும்பிட்டான், நீங்களும் விசாரிக்க வந்துட்டீங்க. கேளுங்க, சொல்றேன். ஒளிக்கிற ஆள் நான் இல்லை.

மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்துல நான் கிராணி, கணக்கு எழுதுறவன். துரை கப்பலேறினதும் பால்வெட்டு நின்னுபோச்சு. கிள்ளான் ரயிலுக்கு விறகு அனுப்புற வேலையை ஜப்பான் அதிகாரி என் தலையில கட்டினான். லோரி போற பாதையில இருந்தது ஒரே ஒரு காடுதான், கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால முனியாண்டி காடு.

அதை லயத்து ஜனங்களே காவல் காத்தாங்க. குடும்பத்துக்கு ஒரு மரம். ஆடி மாசம் அதுல மஞ்சத்துணி கட்டிட்டா, காஞ்ச சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டாங்க. வெட்டப் போன என் ஆட்களை மறிச்சு நின்னவன் தம்புசாமி, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்குறவன்.

“மரம் போனா ஊத்து போயிடும், கிராணி ஐயா. அப்புறம் புள்ளைங்க சேத்துத்தண்ணியா குடிக்கும்?”

நியாயமான கேள்விதான். அதையே அதிகாரிகிட்ட சொன்னேன், கன்னத்துல அறை வாங்கினதுதான் மிச்சம். அதோட சயாம்ல ரயில்பாதை போடுறதுக்கு ஆளும் கேட்டான். ஆளுக்கு நான் எங்க போறது? லோரி சத்தம் கேட்டாலே ஆம்பளைங்க எல்லாம் அந்தக் காட்டுக்குள்ள பூந்துடுவாங்க. சதுப்புல எந்த வேர் தாங்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். சிப்பாய் கால் வெச்சா முழங்கால் வரைக்கும் சேறு.

விறகும் வேணும், ஆளும் வேணும். யோசிச்சேன்.

லயத்துக்குப் போய்த் தன்மையாப் பேசினேன். அதிகாரி சாமிக்குப் பயந்தவர், நாளைக்குக் காலையில வந்து பார்ப்பார், அவங்கவங்க மரத்தடியில ஆம்பளைங்க நிக்கணும், ஆள் நிக்கிற மரத்தை வெட்ட மாட்டார்னு சொன்னேன். தம்புசாமி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கே கூச்சமாப் போச்சு.

குளிச்சு, திருநீறு பூசி, புதுத்துணி கட்டி, மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. துப்பாக்கியைப் பார்த்த பிறகும் ஓடலை. ஓடினா மரம் போயிடுமேன்னு நின்னாங்க, பைத்தியக்காரங்க. தேடுற வேலையே இல்லை. அவங்களை ஏத்தின லோரி சயாமுக்குக் கிளம்பினதும் கோடாலியை இறக்கினோம்.

சயாம்ல எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொல்றீங்க. வருத்தமாத்தான் இருக்கு. ஊத்தும் வத்திடுச்சு. லயத்துப் பொம்பளைங்க இப்ப மைல் கணக்குல நடந்து தண்ணி எடுக்குறாங்க.

ஆனா ஒண்ணை எழுதிக்குங்க. தம்புசாமி மரத்தை நான் வெட்டலை. அவன் பொண்டாட்டி மாரியாயி வெள்ளிக்கிழமை தவறாம வந்து துணி மாத்துறா. போகும்போது எனக்கு அவிச்ச மரவள்ளிக் கிழங்கு குடுத்துட்டுப் போறா. “அவரு வந்து பார்க்க இதையாவது காப்பாத்திக் குடுத்தீங்களே”ன்னு கண் கலங்குறா.

சயாம் விஷயத்தை அவகிட்ட சொல்லிடாதீங்க ஐயா. ஒரு பொம்பளை மனசை நோகடிச்ச பாவம் எனக்கு வேண்டாம்.