கோட்டை மேட்டின் வடக்கு மூலை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நாணற்குடி நலச்சங்கத் தலைவர், பொறியாளர் சீதாராமன் அவர்களே! வெள்ளிக்கிழமை விடுமுறைத் தூக்கத்தைத் துறந்து ஜெபல் அலியிலிருந்தும் ராஸ் அல் கைமாவிலிருந்தும் ரோலாவில் இந்த அரங்குக்கு வந்திருக்கும் தம்பிமார்களே! கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்மார்களே! வளைகுடாவில் மகன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த இந்த ஓய்வுபெற்ற வாத்தியாரின் வணக்கம்.

நம் ஊர்க் கோட்டையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எதைப் பேச? மதில் இல்லை, மாடம் இல்லை, மன்னன் பெயர்கூட மிச்சமில்லை.

தட்டில் மாவைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினால் எல்லாமே நனையும். நடுவில் குவித்து வைத்தால் உச்சி நனையாது. மலையில்லாத நம் ஊரில், பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுநில மன்னன் அதைத்தான் செய்தான். ஆற்றங்கரையில் மண்ணைக் குவித்தான், மதிலை எழுப்பினான். பகை வந்தாலும் மக்கள் உள்ளே, வெள்ளம் வந்தாலும் மக்கள் உள்ளே. பிறகு படை வந்தது, மதில் விழுந்தது. கல் மதகுக்குப் போனது, செங்கல் சுவருக்குப் போனது. மிஞ்சியது மேடு. அந்த மேட்டை அழித்தது யார்? படையா? ஆறா? இல்லை ஐயா, நாம்!

ராஸ் அல் கைமா சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் தம்பி அம்மையப்பன் முன்வரிசையில் இருக்கிறார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். வீடு கட்டும்போது மனைவி சரசுவிடம் போனில் பேசினார்.

“பக்கத்து வீட்டு பேஸ்மட்டத்தவிட நம்மளது ஒசரமா இருக்கணும் சரசு.”

“அம்புட்டு மண்ணுக்கு எங்கங்க போறது?”

“கோட்ட மேட்டுல இல்லாத மண்ணா? நாம ரெண்டு டிராக்டர் அடிச்சா மேடு கொறஞ்சா போயிரும்?”

சிரிக்கிறீர்கள். இதையே போனில் சொல்லாதவர் யார் இங்கே? ‘நான் மட்டும்தானே’ என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். மேடு நம் வீடுகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வடக்கு மூலை மட்டும் தப்பியது.

சென்ற மழையில் கரை உடைந்தது. நடவு வயலில் நின்ற பெண்கள் அந்த மூலைக்கு ஓடினார்கள். சரசு கீழே நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டாள்.

“நீ ஏறுடி!” என்று மேலிருந்து கத்தினாளாம் ராக்கம்மா.

“மொதல்ல ராதா ஏறட்டும்க்கா. புள்ளத்தாச்சி.”

ராதா ஏறினாள். அதோடு இடம் தீர்ந்தது. சரசு நின்றிருக்க வேண்டிய மண், அவள் வீட்டுத் தரைக்கடியில் கிடந்தது.

அந்த மூலையைச் சமன்செய்து சரசு பெயரில் திருமண மண்டபம் கட்டுவதுதான் இன்றைய தீர்மானம். தலைவர் அவர்களே, உங்கள் அன்பில் குறையில்லை. ஆனால் அவள் பெயரை எழுத, அவள் ஊராரைக் கரையேற்றிய மண்ணையா வெட்டுவது? மண்டபத்துக்கு மாற்றிடம் உண்டு. மறுவெள்ளம் வந்தால் நம் மக்களுக்கு மாற்றிடம் உண்டா?

என்ன தம்பி? பிளான் போட்டாகிவிட்டதா? போட்ட பிளானை மாற்றலாம். போன சரசுவை மீட்டுக் கொண்டுவர முடியுமா?

அம்மையப்பன் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் தம்பி.

“அவ பேரு எங்கயும் வேணாம் சார். அந்த மூலைய விட்ருங்க, போதும்.”

இதற்குமேல் நான் பேசக்கூடாது. மூலையை விட்டுவிடலாம் என்பவர்கள் கை உயர்த்துங்கள். தலைவரும் உயர்த்துகிறார். உயர்ந்த கைகள் அனைத்துக்கும் என் நன்றி. உயராத கைகளுக்கும் என் வணக்கம்.